ரிமோட் டெஸ்க்டாப் எந்தப் படியில் நின்றது? விண்டோஸ் சர்வர் லாக்கை இயக்கி, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"ரிமோட் வரவில்லை" என்று அழைப்பு வந்ததும் பலருடைய கை தானாகப் போகும் இடம் ரீஸ்டார்ட் பட்டன். சில நேரம் சரியாகிவிடும். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே அழைப்பு வரும். தூரத்தில் இருந்துகொண்டு சர்வரின் திரையில் வேலை செய்ய வைக்கும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீஸ், தன்னுடைய ஒவ்வொரு படியையும் லாக் என்ற பதிவேட்டில் எங்கேயோ ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. எந்தப் படிவரை எழுதியிருக்கிறது, எந்தப் படியில் எழுத்து நின்றுபோனது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. லாக்கில் இருக்கும் பதிவைவிட, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பதிவுதான் பெரும்பாலும் துப்புக் கொடுக்கும்.

இங்கே சொல்வது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 முதல் 2022 வரை பொருந்தும். மெனுப் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

முதலில் லாக் இருக்கிறதா என்று பாருங்கள்

விண்டோஸின் லாக்குகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, இடப்பக்கத்தில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ் என்று போங்கள். நமக்கு வேண்டியவை மூன்று. டெர்மினல்சர்வீசஸ்-ரிமோட்கனெக்ஷன்மேனேஜர், டெர்மினல்சர்வீசஸ்-லோக்கல்செஷன்மேனேஜர், ரிமோட்டெஸ்க்டாப்சர்வீசஸ்-ஆர்டிபிகோர்டிஎஸ். முதல் இரண்டும் பட்டியலில் டி வரிசையிலும் மூன்றாவது ஆர் வரிசையிலும் கிடக்கும். சர்வர் 2008 ஆர்2 வந்தபோது டெர்மினல் சர்வீசஸ் என்ற பெயரை ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்று மாற்றினார்கள். லாக்கின் பெயரைப் பாதிக்குமேல் அப்படியே விட்டுவிட்டார்கள். தேடுகிறவர் பாடு திண்டாட்டம்.

ஒவ்வொன்றிலும் ஆபரேஷனல் என்ற லாக்கை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால், எனேபிள் லாகிங் என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும். இயல்பாகவே இருக்கும். ஆனால் இடம் மிச்சப்படுத்தவோ, வேகம் கூட்டவோ யாராவது ஸ்கிரிப்ட் ஓட்டியிருந்தால் எடுத்துவிட்டிருப்பார்கள். அதே பெட்டியில் லாக்கின் உச்ச அளவும் இருக்கும்: 1028 கேபி. இது போதவே போதாது. இருபது முப்பது பேர் வந்துபோகும் சர்வரில் சில நாட்களிலேயே பழைய பதிவுகள் மேலெழுதப்பட்டுவிடும். "போன வெள்ளிக்கிழமை அறுந்தது" என்று ஒருவர் திங்கட்கிழமை சொல்லும்போது வெள்ளிக்கிழமை லாக்கில் இருக்காது. மூன்றையும் 65536 கேபிக்கு, அதாவது 64 எம்பிக்கு உயர்த்திவிடுங்கள். இன்றைய வட்டுகளில் இது ஒரு பொருட்டே இல்லை.

நான்காவது, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழுள்ள செக்யூரிட்டி லாக். இதன் இயல்பான அளவு 20480 கேபி. ரிமோட் டெஸ்க்டாப் காத்திருக்கும் 3389 போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கும் சர்வரில் கடவுச்சொல் ஊகித்துப் பார்க்கும் போட்கள் இந்த இடத்தைச் சில மணி நேரத்தில் நிரப்பிவிடும். உங்கள் ஊழியரின் தோல்வி அந்தக் குப்பையில் அடித்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட சர்வரில் லாக்கைப் பெரிதாக்குவதைவிட முதலில் போர்ட்டை மூடி, விபிஎன் என்ற மறைகுறியாக்கிய தனி வழியாகவோ, வெளி இணைப்பை வாங்கி உள்ளே அனுப்பும் கேட்வே சர்வர் வழியாகவோ மட்டும் விடுவதே முறை. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டைக்காக, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. அதற்குப் பிறகும் 3389ஐத் திறந்து வைப்பவர்களுக்கு என்ன சொல்வது?

செக்யூரிட்டி லாக்கில் எது பதிவாக வேண்டும் என்பதை லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில், அட்வான்ஸ்டு ஆடிட் பாலிசி கான்ஃபிகரேஷன், லாகான்/லாகாஃப் என்ற பகுதியில் தீர்மானிக்கலாம். ஆடிட் லாகான் என்பதில் வெற்றி, தோல்வி இரண்டையும் டிக் செய்யுங்கள். ஆடிட் அதர் லாகான்/லாகாஃப் ஈவென்ட்ஸ் என்பதையும் இயக்குங்கள். இது இயல்பாக அணைந்திருக்கும். இது இல்லாவிட்டால் செஷன் (ஒருவர் உள்ளே வந்து வேலை செய்யும் அமர்வு) துண்டிக்கப்பட்டதைச் சொல்லும் பதிவு எண் 4779, மீண்டும் இணைந்ததைச் சொல்லும் 4778 இரண்டும் பதிவாகாது. டொமைனில், அதாவது அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் தொகுதியில், உள்ள சர்வர் என்றால் இதை அந்தத் தொகுதி முழுவதற்குமான குரூப் பாலிசியில் செய்ய வேண்டும். சர்வரில் நேரடியாக மாற்றினால் அடுத்த புதுப்பிப்பில் பாலிசி அதைத் திருப்பி எழுதிவிடும்.

இதெல்லாம் செய்ய சர்வருக்குள்ளேயே போக முடியவில்லையா? அதே டொமைனில் உள்ள வேறொரு கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, கனெக்ட் டு அனதர் கம்ப்யூட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சர்வரின் ஃபயர்வாலில் ரிமோட் ஈவென்ட் லாக் மேனேஜ்மென்ட் என்ற விதித்தொகுதி இயங்க வேண்டும். நல்ல நாளிலேயே இதை இயக்கி வைத்திருப்பவர் புத்திசாலி.

கேட்வே வழியாக வருபவர்கள் என்றால் கேட்வே சர்வரில் டெர்மினல்சர்வீசஸ்-கேட்வே என்ற லாக்கையும் பாருங்கள். 201 வந்தால் அந்த ஆளுக்கு கேட்வேயை அணுக அனுமதி இல்லை. 301 வந்தால் ஆளுக்கு அனுமதி உண்டு, அவர் கேட்ட சர்வருக்கு இல்லை. 304 வந்தால் கேட்வே சம்மதித்தும் உள்ளே இருக்கும் சர்வரைத் தொட முடியவில்லை.

ஒழுங்கான நுழைவு எப்படித் தெரியும்

நோயைப் பார்ப்பதற்கு முன் ஆரோக்கியமான ஒரு நுழைவை உங்கள் சர்வரிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்வரின் திரை தோன்றும் முன்பே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதெண்டிகேஷன், சுருக்கமாக என்எல்ஏ, இயக்கத்தில் உள்ள சர்வரில் ஒருவர் உள்ளே வரும்போது பதிவுகள் இந்த வரிசையில் விழும். ஆர்டிபிகோர்டிஎஸ் லாக்கில் 131: இன்ன ஐபி முகவரியிலிருந்து புதிய டிசிபி இணைப்பை ஏற்றேன். செக்யூரிட்டியில் 4624, லாகான் டைப் 3: கடவுச்சொல் சரி. ரிமோட்கனெக்ஷன்மேனேஜரில் 1149. மீண்டும் செக்யூரிட்டியில் 4624, இந்தமுறை லாகான் டைப் 10. பிறகு லோக்கல்செஷன்மேனேஜரில் 21: செஷன் லாகான் ஆனது. அதே லாக்கில் 22: டெஸ்க்டாப்பை வரையும் ஷெல் தொடங்கியது. இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இதில் 1149ஐ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பயனர் உறுதிப்பாடு வெற்றி என்று அதன் வாசகம் சொல்லும். என்எல்ஏ அணைந்த சர்வரில் லாகின் திரை வெறுமனே தோன்றினாலே இது விழக்கூடும். கடவுச்சொல் எதையும் தட்டியிருக்க வேண்டியதில்லை. யாரோ உள்ளே புகுந்துவிட்டார் என்று இதைப் பார்த்துப் பதறும் முன் 21 இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று நேரம். ஈவென்ட் வியூவர் பதிவுகளை, அதைத் திறந்திருக்கும் கணினியின் நேர மண்டலப்படி காட்டும். கிளவுட் சர்வர் யுடிசியில் ஓடினால், அதன் திரையில் காலை 4:40 என்று தெரிவது உங்கள் ஊழியர் சொன்ன 10:10 மணிதான். ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடிவிட்டு "லாக்கில் ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

அறிகுறி: இணைப்பே கிடைக்கவில்லை, சிறிது நேரம் சுற்றிவிட்டுக் கைவிடுகிறது

131 இருக்கிறதா? ஊழியர் முயன்ற அதே நிமிடத்தில், அவருடைய முகவரியிலிருந்து 131 இல்லையென்றால் கோரிக்கை சர்வீஸை எட்டவே இல்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதெல்லாம் வீண்.

சர்வர் காத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் க்வெரி செஷன் என்ற கட்டளையைக் கொடுங்கள். ஆர்டிபி-டிசிபி என்ற வரியில் நிலை லிசன் என்று இருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் சர்வீஸ் ஓடவில்லை, அல்லது சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ரிமோட் அனுமதியை யாரோ அணைத்திருக்கிறார்கள்.

லிசன் என்று இருந்தும் 131 வரவில்லையென்றால் ஃபயர்வால் லாக்கை இயக்க வேண்டும். இது இயல்பாக அணைந்திருக்கும். விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி திறந்து, ப்ராப்பர்ட்டீஸ், லாகிங் பகுதியில் கஸ்டமைஸ், லாக் டிராப்டு பேக்கெட்ஸ் என்பதை யெஸ் ஆக்குங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று தாவல்கள் உண்டு, மூன்றிலும் செய்யுங்கள். ஏனென்றால் நெட்வொர்க் கார்டு தான் டொமைனில் இருப்பதை மறந்து பப்ளிக் பிரொஃபைலுக்கு மாறிவிடுவதே சில சமயம் நோயாக இருக்கும். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் ஃபயர்வால் என்ற இடத்தில் எளிய எழுத்துக் கோப்பாக லாக் சேரும். அதில் டிராப் என்ற சொல்லும் 3389உம் உள்ள வரி இருந்தால் சர்வரின் ஃபயர்வால்தான் குற்றவாளி. அதிலும் சுவடே இல்லையென்றால் பேக்கெட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. இனி ரவுட்டர், கிளவுட் செக்யூரிட்டி விதிகள், விபிஎன் பக்கம் பாருங்கள்.

அறிகுறி: கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது

131 இருக்கிறது, 21 இல்லை. செக்யூரிட்டி லாக்கில் 4625ஐத் தேடுங்கள். என்எல்ஏ உள்ள சர்வரில் இதுவும் லாகான் டைப் 3 என்றே விழும்; டைப் 10 என்று வடிகட்டினால் கண்ணில் படாது. பதிவைத் திறந்தால் ஸ்டேட்டஸ், சப் ஸ்டேட்டஸ் என்று இரண்டு நீண்ட எண்கள் இருக்கும். ஸ்டேட்டஸ் பெரும்பாலும் 006டி என்று முடியும். பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று மழுப்பலாகச் சொல்கிறது, விட்டுவிடுங்கள். அப்போது உண்மை சப் ஸ்டேட்டஸில் இருக்கிறது. அதன் கடைசி நான்கு இடங்களைப் பாருங்கள். சப் ஸ்டேட்டஸ் வெறும் 0 என்றால் ஸ்டேட்டஸின் கடைசி நான்கு இடங்களைப் பாருங்கள்.

0064 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. டொமைன் பெயரை விட்டுவிட்டுத் தட்டியிருப்பார், அல்லது அவருடைய கணினி தன் பெயரையே டொமைனாக ஒட்டி அனுப்பியிருக்கும். 006ஏ என்றால் பெயர் சரி, கடவுச்சொல் தவறு. 0071 கடவுச்சொல் காலாவதி, 0224 முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு சிக்கலை உண்டாக்கும்: என்எல்ஏ உள்ள சர்வரில் கடவுச்சொல்லை மாற்றும் திரைக்கு வருவதற்கே கடவுச்சொல் செல்லுபடியாக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஊழியர் முதல் நாளே வெளியில் நிற்பது இதனால்தான். வேறு வழியில் மாற்றிக்கொடுத்துவிட்டு உள்ளே விடுங்கள்.

0072 முடக்கப்பட்ட கணக்கு. 0193 கணக்கின் காலம் முடிந்தது. 0234 பூட்டப்பட்ட கணக்கு. பூட்டியது எந்தக் கணினி என்பதை டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாக்கில் 4740 சொல்லும். பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு விடாமல் முயலும் ஒரு கைபேசியாகவே அது பெரும்பாலும் இருக்கும். 0133 கடிகாரம் பொருந்தவில்லை. டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் முறை இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும். 0418 வந்தால் என்டிஎல்எம் என்ற பழைய சரிபார்ப்பு முறை தடுக்கப்பட்டிருக்கிறது; சர்வரை ஐபி முகவரியால் அழைக்காமல் முழுப் பெயரால் அழைத்துப் பாருங்கள், கெர்பெரோஸ் வேலை செய்யத் தொடங்கும். 015பி என்றால் ஆள் சரி, சொல் சரி, ஆனால் ரிமோட் வழியாக வர அவருக்கு உரிமை இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் சேர்த்தும் மறுத்தால், டினை லாகான் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்ற பாலிசியில் அவரோ அவருடைய குழுவோ இருக்கிறதா என்று பாருங்கள். மறுப்பு எப்போதும் அனுமதியை வெல்லும்.

பழைய சர்வர்களில் 4625இல் ஐபி முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருக்கும். அப்போது அதே நொடியின் 131, 140 பதிவுகளோடு ஒட்டிப் பாருங்கள். 140 தவறான பெயர் அல்லது கடவுச்சொல் என்பதை முகவரியோடு சொல்லும்.

4625உம் இல்லை, ஊழியரின் திரையில் கிரெட்எஸ்எஸ்பி என்கிரிப்ஷன் ஆரக்கிள் என்று ஏதோ வருகிறது என்றால், நீங்கள் இன்னும் 2018ஐத் தாண்டவில்லை. அந்த மே மாத அப்டேட் இரு முனைகளில் ஒன்றில் இல்லை. பாலிசியைத் தளர்த்தி வழிவிடச் சொல்லும் குறிப்புகளை இணையத்தில் காண்பீர்கள். அதைச் செய்யாதீர்கள், அப்டேட்டைப் போடுங்கள்.

அறிகுறி: கடவுச்சொல் கேட்கும் முன்னரே உள் பிழை என்று முறிகிறது

131 உண்டு, 4624உம் இல்லை, 4625உம் இல்லை. குறியாக்க முறையை இரு பக்கமும் பேசி முடிக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலிலேயே முறிந்திருக்கிறது. சிஸ்டம் லாக்கில் எஸ்சேனல் என்ற மூலத்தைத் தேடுங்கள். 36874 என்றால் இரு பக்கத்துக்கும் பொதுவான குறியாக்க முறை இல்லை. சர்வரில் டிஎல்எஸ் 1.0ஐ அணைத்திருப்பீர்கள், எதிர்முனையில் அப்டேட் பார்க்காத விண்டோஸ் 7 இருக்கும். 36870 என்றால் சான்றிதழின் தனிச்சாவியைத் திறக்க முடியவில்லை. சர்வீஸ் நெட்வொர்க் சர்வீஸ் என்ற கணக்கில் ஓடுகிறது. புதிய சான்றிதழை நிர்வாகியாக இறக்கி வைத்தவர் இந்தக் கணக்குக்குப் படிக்கும் உரிமை தர மறந்திருப்பார். சான்றிதழை வலது கிளிக் செய்து மேனேஜ் பிரைவேட் கீஸ் வழியாகக் கொடுக்கலாம்.

சர்வீஸ் தானே உருவாக்கிக்கொள்ளும் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அது தோற்றால் சிஸ்டம் லாக்கில் 1057 விழும். மெஷின்கீஸ் ஃபோல்டரின் அனுமதிகளை யாரோ இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அனுமதியைச் சரிசெய்து, ரிமோட் டெஸ்க்டாப் என்ற சான்றிதழ்க் கிடங்கில் உள்ள பழையதை நீக்கி, சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் புதியது வரும். இந்த வேலையை ரிமோட் செஷனுக்குள் இருந்துகொண்டு செய்யாதீர்கள். மெய்நிகர் இயந்திரத்தின் கன்சோலில் இருந்து செய்யுங்கள்.

சான்றிதழ் சங்கிலியில் சந்தேகம் இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பைப் பதியும் கேப்பி2 (CAPI2) என்பதன் ஆபரேஷனல் லாக்கைத் தற்காலிகமாக இயக்குங்கள். மிகவும் வாயாடி லாக் அது. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: உள்ளே வந்ததும் கருப்புத் திரை

21 இருக்கிறது. 22 எப்போது வந்தது? இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு நொடிக்குமேல் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளிக்குள்தான் நோய் இருக்கிறது.

குரூப் பாலிசியின் ஆபரேஷனல் லாக்கில் 4001 பயனர் பாலிசி தொடங்கிய நேரம், 8001 முடிந்த நேரமும் எத்தனை நொடி என்பதும். இடையில் வரும் 5016 பதிவுகள் ஒவ்வொரு பகுதியும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று தனித்தனியே சொல்லும். எப்போதோ கழற்றி வீசப்பட்ட பிரிண்டரையோ, இல்லாத ஷேர் ஃபோல்டரையோ தேடிக்கொண்டு டிரைவ் மேப்பிங் நிற்பதை இங்கே பிடிக்கலாம். லாகானை நடத்தும் வின்லாகானின் ஆபரேஷனல் லாக்கில் 811க்கும் அதற்குரிய 812க்கும் இடையே நேரம் ஓடினால், பதிவிலேயே இருக்கும் சப்ஸ்கிரைபர் பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அப்ளிகேஷன் லாக்கில் 1511 வந்தால் பயனருக்குத் தற்காலிக பிரொஃபைல்தான் கிடைத்திருக்கிறது. 4005 வந்தால் வின்லாகானே விழுந்துவிட்டது.

2016, 2019 சர்வர்களில் இன்னொரு வஞ்சகமான காரணம் உண்டு. ஒருவர் லாகான் ஆகும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தன் உள்ளமைந்த செயலிகளுக்காக அவர் பெயரில் ஃபயர்வால் விதிகளை எழுதுகிறது. அவர் போன பிறகு அழிப்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல விதிகள் ஆயிரக்கணக்கில் குவிந்து, லாகான் நத்தையாகி, கடைசியில் கருப்புத் திரையும் இயங்காத ஸ்டார்ட் மெனுவும்தான் மிஞ்சும். பிரொஃபைலை லாகாஃப்பில் அழிக்கும் ஏற்பாடு உள்ள இடங்களில் இது சீக்கிரமே வந்துவிடும். ஃபயர்வாலின் இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே பெயர் பக்கம் பக்கமாக வந்தால் இதுதான். ரெஜிஸ்ட்ரியில் ஷேர்டுஆக்செஸ் சர்வீஸின் ஃபயர்வால்பாலிசி கீழ் டெலீட்யூசர்ஆப்கன்டெய்னர்ஸ்ஆன்லாகாஃப் என்ற டிவேர்டு மதிப்பை 1 ஆக்கினால் இனிமேல் சேராது. ஏற்கெனவே சேர்ந்ததை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

அறிகுறி: வேலை செய்துகொண்டிருக்கும்போதே அறுந்துபோகிறது

லோக்கல்செஷன்மேனேஜரில் 24 துண்டிப்பு, 25 மறு இணைப்பு, 40 துண்டிப்பின் காரண எண். 40தான் இங்கே முக்கியம். காரண எண் 11 என்றால் பயனரே டிஸ்கனெக்ட் கொடுத்திருக்கிறார், அவர் எவ்வளவு மறுத்தாலும். 12 என்றால் லாகாஃப். 3 என்றால் சும்மா இருந்ததற்கான கால வரம்பு முடிந்தது. செஷன் டைம் லிமிட்ஸ் பாலிசியைப் பாருங்கள். 5 என்றால் அதே பயனர் பெயரில் இன்னொரு இணைப்பு வந்து இவரைத் தள்ளிவிட்டது. அக்கவுண்ட்ஸ் என்ற ஒரே கணக்கை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களில் நாள் முழுதும் 5ஆகவே இருக்கும். அங்கே நெட்வொர்க்காரரைத் திட்டிப் பயனில்லை. ஆளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். 39 வந்தால், எந்தச் செஷன் எந்தச் செஷனைத் துண்டித்தது என்று எண்ணோடு சொல்லும். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் ஒரு நிர்வாகியின் கைவேலை.

காரண எண் 0 என்றால் தனித் தகவல் எதுவும் இல்லை. ஜன்னலைப் பெருக்கல் குறியால் மூடினாலும் 0, வைஃபை அறுந்தாலும் 0. இரண்டையும் பிரிக்க அடுத்து வரும் 25ஐப் பாருங்கள். சில நொடிகளில் 25 வந்து, அது பலமுறை நடந்தால் நெட்வொர்க்தான். மேலும் அந்த நேரத்து 131 பதிவுகளில் டிசிபிக்கு அடுத்து யுடிபி இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் 2012 முதல் ஆர்டிபி, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறை, யுடிபியையும் பயன்படுத்துகிறது. சில விபிஎன்களில் யுடிபி இணைந்துவிட்டுப் பாதியில் மூச்சுத் திணறும். திரை உறைந்து, பிறகு மீள்வதுதான் அடையாளம். செலக்ட் ஆர்டிபி டிரான்ஸ்போர்ட் புரோட்டோகால்ஸ் என்ற பாலிசியில் டிசிபியை மட்டும் தேர்ந்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் இணைப்பு மறுக்கப்பட்டு, நிர்வாகிகள் இருவர் மட்டும் போக முடிகிறதென்றால் அது லைசென்ஸ். பலரை ஒரே நேரத்தில் உள்ளே விடும் செஷன் ஹோஸ்ட் ரோலை நிறுவியதிலிருந்து 120 நாள் சலுகை. அது முடிந்ததை சிஸ்டம் லாக்கில் 1128 சொல்லியிருக்கும். லைசென்சிங் டயக்னோசரைத் திறந்தால் என்ன குறை என்று தமிழ்ப் பாடநூல் மாதிரி விளக்கமாகவே இருக்கும், ஆங்கிலத்தில்.

இதற்குமேலும் பிடிபடவில்லை என்றால்

ஈவென்ட் வியூவரின் வியூ மெனுவில் ஷோ அனலிடிக் அண்ட் டீபக் லாக்ஸ் என்பதை இயக்கினால் மேலே சொன்ன அதே ஃபோல்டர்களில் புதிதாக அனலிடிக், டீபக் என்ற லாக்குகள் முளைக்கும். வலது கிளிக் செய்து எனேபிள் லாக் கொடுங்கள். ஒன்று கவனம்: இயக்கும் ஒவ்வொரு முறையும் அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும். ஆகவே சேமிக்காமல் அணைத்துப் போட்டு விளையாட வேண்டாம். சிக்கலைத் திரும்ப நிகழ்த்துங்கள், டிசேபிள் லாக் கொடுங்கள், பிறகு படியுங்கள். பரபரப்பான நேரத்தில் இதை மணிக்கணக்கில் ஓடவிட்டால் சர்வரே திணறும். சிக்கல் தெரியும் ஒரு பயனரை அழைத்து, சில நிமிடங்களுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

வெளியே உதவி கேட்பதானால் திரையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். லாக்கை வலது கிளிக் செய்து சேவ் ஆல் ஈவென்ட்ஸ் அஸ் கொடுத்து, கேட்கும்போது டிஸ்ப்ளே இன்ஃபர்மேஷனையும் சேர்த்துச் சேமியுங்கள். அது இல்லாவிட்டால் எதிர்முனையில் திறப்பவருக்கு எண்கள் மட்டும் தெரியும், வாசகங்கள் தெரியாமல் போகலாம். கோப்புக்குள் பயனர் பெயர்களும் உள் முகவரிகளும் அப்படியே இருக்கும் என்பதால் பொது இடத்தில் ஏற்ற வேண்டாம். கூடவே சிக்கல் நடந்த நேரத்தை, எந்த நேர மண்டலம் என்பதோடு எழுதிக் கொடுங்கள்.